இரண்டு நடைப்பயணங்களும் ஓர் ஆளுநரும்

1930 ஏப்ரலில் தஞ்சாவூர் கலெக்டர் ஜே. ஏ. தார்ன் மாவட்டம் முழுக்க ஓர் எச்சரிக்கை விட்டார். திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் போகிறவர்களுக்கு யாரும் படுக்க இடம் தரக் கூடாது, சோறு போடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை. ராமேஸ்வரம் போகும் யாத்திரைக்காரர்களுக்காக மராட்டிய ராஜாக்கள் வழிநெடுகச் சத்திரம் கட்டிய மாவட்டம் இது. நடந்து வருகிறவனுக்குச் சோறு போடுவதைக் குற்றமாக்கிய அறிவிப்பு இங்கே எப்படி எடுபட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஜனங்கள் சோற்றைப் பொட்டலம் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். ஆற்றங்கரையில் படை தங்கும் இடத்தில் சாப்பாட்டுப் பாத்திரங்களை மணலுக்குள் புதைத்து, மேலே ஓர் அடையாளம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். யார் சமைத்தது, யார் கட்டியது என்று கேட்டால் சொல்ல ஆள் கிடையாது. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் அப்படி ஒளித்துச் செய்யவில்லை. வந்தவர்களைத் தன் பொறுப்பில் உபசரித்தார், சிறைக்குப் போனார்.

நடந்து வந்த படைக்குத் தலைவர் ராஜாஜி என்கிற சி. ராஜகோபாலாச்சாரி. அப்போது அவருக்கு வயது 51. சேலத்தில் நல்ல வருமானம் உள்ள வக்கீலாக இருந்து அதை விட்டவர். ஆஸ்துமாக்காரர், மெலிந்த உடம்பு, கறுப்புக் கண்ணாடி. ஏப்ரல் 13ஆம் தேதி, தமிழ் வருஷப் பிறப்பன்று, திருச்சியில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் வீட்டிலிருந்து ஏறக்குறைய 100 தொண்டர்களோடு கிளம்பினார். 11 ஆண்டுகளுக்கு முன் ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்த நாளும் அதுதான். நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை இந்தப் படைக்கென்றே ஒரு நடைப்பாட்டு எழுதிக் கொடுத்திருந்தார். கோவிலடி, தஞ்சாவூர், கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று 15 நாள், சுமார் 150 மைல். தங்கிய ஊர்களில் கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு பற்றிப் பேசினார்கள். ஏப்ரல் 28ஆம் தேதி வேதாரண்யம்.

வேதாரண்யத்தைத் தேர்ந்ததற்குக் கடலும் உப்பும் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அங்கே வேதரத்தினம் பிள்ளை இருந்தார். 1929இல் வல்லபபாய் படேலைத் தலைமை தாங்க வைத்துத் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் மாநாட்டைத் தன் ஊரில் நடத்திக் காட்டியவர். 100 பேருக்கு நாள் கணக்கில் தங்க இடமும் சாப்பாடும் ஏற்பாடு செய்து, அதன் விலையாகச் சொத்தை அரசு எடுத்துக்கொள்வதையும் தாங்கிக்கொண்டு நிற்க ஒரு குடும்பம் வேண்டும். ‘சர்தார்’ என்று மக்கள் பின்னால் அவரை அழைத்தது பொருத்தமான மரியாதை. 1946இல் அவர் தொடங்கிய கஸ்தூர்பா காந்தி கன்யா குருகுலம் வேதாரண்யத்தில் இன்றும் பெண் பிள்ளைகளுக்குக் கல்வி தருகிறது.

உப்பளத்தைப் பக்கத்திலிருந்து பார்க்காதவர்களுக்கு 30ஆம் தேதி வேதாரண்யம் பக்கத்து அகஸ்தியம்பள்ளியில் நடந்தது ஏதோ சடங்கு என்று தோன்றலாம். பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குகிறார்கள். உவர்நீரைப் பாய்ச்சிவிட்டு வெயிலையும் காற்றையும் நம்பிக் காத்திருக்கிறார்கள். முதலில் நீர்ப்பரப்பில் மெல்லிய ஏடு படர்கிறது, பிறகு கனத்து அடியில் இறங்குகிறது. நீளக் கழியில் பொருத்திய பலகையால் அதை இழுத்து வரப்பில் குவிக்க வேண்டும். பாதம் வெடித்துக் கண் கூசும் வேலை. ஒரு கோடை மழை பெய்தால் குவிக்காததெல்லாம் கரைந்துவிடும். இத்தனைக்கும் பிறகு அது சர்க்கார் சொத்து. சதுப்பில் தானாக விளைந்து கிடக்கும் உப்பை ஒரு பிடி அள்ளினாலும் குற்றம். பக்கத்துக் குடிசையில் கஞ்சிக்கு உப்பு இல்லாதவள் வரி கட்டித்தான் வாங்க வேண்டும். இந்தச் சட்டத்தைத்தான் ராஜாஜி குனிந்து ஒரு கை உப்பு அள்ளி மீறினார். அங்கேயே கைது, உடனே விசாரணை, ஆறு மாதம் சிறை.

அவருக்குப் பின்னால் அணி அணியாக ஆட்கள் போனார்கள். ருக்மிணி லட்சுமிபதி இந்த உப்புக்காகச் சிறை சென்றார். இந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போன முதல் பெண் அவர். விருதுநகரிலிருந்து வந்த 26 வயது காமராஜ் இரண்டு ஆண்டு தண்டனை பெற்று, கல்கத்தா அலிப்பூர் சிறைக்கு அனுப்பப்பட்டார். வேதாரண்யத்து முடிதிருத்தும் தொழிலாளி வைரப்பன், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் கத்தியைக் கீழே வைத்தார். அவருக்கும் சிறை. தலைவருக்கும் தொழிலாளிக்கும் ஒரே கணக்கில் தண்டனை விழுந்த அந்த ஏப்ரல், மே மாதங்களைத்தான் டெல்டாவின் மிக நல்ல நாட்கள் என்று நான் கருதுகிறேன். தார்னுக்கும் அது புரிந்தது. சர்க்காரின் மேல் ஜனங்களுக்கு முன்பு பற்று என்று ஒன்று இருந்திருந்தால் அது இப்போது செத்துவிட்டது என்ற கருத்தில் மேலிடத்துக்கு எழுதினார். அவர் பின்னால் சர் பட்டம் பெற்று, நாட்டில் வெள்ளையர் ஆட்சியின் கடைசிக் கட்டத்தில் வைஸ்ராய் சபையின் உள்துறை உறுப்பினராக இருந்தார்.

ராஜாஜியைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இங்கிருந்து நேரே 1947க்குப் போய்விடுகிறார்கள். உப்பெடுத்த கை மேற்கு வங்கத்தின் முதல் ஆளுநராகப் பதவியேற்றுக் கையெழுத்துப் போட்டது என்ற அழகில் மனம் நிறைந்துவிடுகிறது. நடுவில் திருச்சியிலிருந்தே கிளம்பிய இன்னொரு நடைப்பயணம் இருக்கிறது. அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

1937 தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் வென்றது. உடனே பதவி ஏற்கவில்லை. மந்திரிகளின் அன்றாட நிர்வாகத்தில் கவர்னர் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்த மாட்டார் என்று உறுதி வேண்டும் என்றார்கள். அதை முன்னின்று வாதாடியவர்களில் ராஜாஜி முக்கியமானவர். வைஸ்ராய் லின்லித்கோ இறங்கி வந்த பிறகுதான், ஜூலையில், பிரதமராகப் பதவியேற்றார் (அன்று மாகாண முதல்வரை அப்படித்தான் சொன்னார்கள்). தேர்ந்தெடுக்கப்பட்ட மந்திரிசபைக்கு மேலே நியமிக்கப்பட்ட ஒருவர் கை ஓங்கக் கூடாது என்பதில் அன்று அவருக்கு இருந்த தெளிவை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஆட்சி சாதாரணமானதல்ல. சேலத்தில் மதுவிலக்கு, விவசாயக் கடன் நிவாரணச் சட்டம், கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு எல்லாம் அந்த இரண்டே கால் ஆண்டில் வந்தவை. வட்டியில் மூழ்கிக் கிடந்த டெல்டா குடியானவர்கள் கடன் நிவாரணச் சட்டத்தின் பலனை நேரடியாகப் பார்த்தார்கள். அதோடு 1938 ஏப்ரலில் இன்னோர் உத்தரவும் வந்தது: 125 பள்ளிகளில் இந்தி கட்டாயம்.

எதிர்த்தவர்கள் பள்ளி வாசலில் மறியல் செய்தார்கள். அவர்கள் மேல் பாய்ந்தது கிரிமினல் சட்டத் திருத்தம். காங்கிரஸ் மறியல்காரர்களை அடக்க வெள்ளைக்கார அரசு கொண்டுவந்த சட்டம், காங்கிரஸே கறுப்புச் சட்டம் என்று கண்டித்த சட்டம். 1938 ஆகஸ்ட் 1ஆம் தேதி திருச்சியிலிருந்து தமிழர் படை சென்னைக்கு நடந்தது. ஏறக்குறைய 100 பேர், 42 நாள், 577 மைல். மயிலாடுதுறைப் பக்கத்து மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், பட்டுக்கோட்டை அழகிரி, படைத்தலைவர் குமாரசாமிப் பிள்ளை. மூவலூர் அம்மையாருக்கு அப்போது 55 வயது. ஒரு காலத்தில் கதர் மூட்டை சுமந்து காங்கிரஸுக்கு ஊர் ஊராகப் பேசியவர். நடந்து போய்ச் சட்டத்துக்கு எதிரே நிற்பது என்ற வழியை எட்டு ஆண்டுகளுக்கு முன் இந்தச் சாலைகளில் காட்டியவரிடமே அதைக் கொண்டுபோனார்கள்.

பதிலுக்குக் கிடைத்தது சிறை. பெரியாருக்கு ஓராண்டு. கைக்குழந்தையோடு பெண்கள் உள்ளே போனார்கள். 1939 ஜனவரியில் நடராசனும் மார்ச்சில் கும்பகோணம் தாளமுத்துவும் சிறைவாசத்தில் நோயுற்று இறந்தார்கள். கட்டாய இந்தி 1940 பிப்ரவரியில் எடுக்கப்பட்டது. காங்கிரஸ் மந்திரிசபை விலகிய பிறகு அதைச் செய்தவர் கவர்னர் எர்ஸ்கின்.

அன்று தேச ஒற்றுமைக்கு ஒரு பொது மொழி வேண்டும் என்று ராஜாஜி உண்மையாகவே நம்பினார் என்பதை நான் மறுக்கவில்லை. நம்பியதால்தான் இது கடுமையாகிறது. 1930இல் தார்னும் தன் சட்டத்தை நம்பினார். சட்டம் தன் கையில் இருந்தபோது, தன்னைப்போல் இன்னொருவரும் மனசாட்சிக்காக அதை மீறக்கூடும் என்பதை ராஜாஜியால் ஏற்க முடியவில்லை. அவருடைய நீண்ட பொதுவாழ்வில் திரும்பத் திரும்ப நான் பார்ப்பது இதைத்தான். அதிகாரம் இல்லாதபோது இந்தியாவிலேயே மிகத் தைரியமான குரல்களில் ஒன்று அவருடையது. அதிகாரம் வந்ததும் அவர் காது அடைத்துக்கொண்டது.

1942ஐப் பாருங்கள். நாடே ‘வெள்ளையனே வெளியேறு’ என்றபோது அவர் ஒருவராக எதிரே நின்றார். முஸ்லிம் லீகோடு ஒப்பந்தம் இல்லாமல் சுதந்திரம் வராது, பிரிவினைக் கோரிக்கையின் அடிப்படையை ஒப்புக்கொண்டு பேச வேண்டும் என்றார். காங்கிரஸிலிருந்து விலகினார். ஊர் ஊராக வசை வாங்கினார். துரோகி என்றார்கள். 1944இல் காந்தி ஜின்னாவோடு பேசப் போனபோது கையில் இருந்தது ராஜாஜியின் திட்டம். 1947இல் நாடு பிரிந்தே போனது, அவர் அஞ்சியதைவிடக் கோரமாக.

பிரிந்த நாட்டில் மிக மோசமாக ரணப்பட்டிருந்த இரண்டு மாகாணங்களில் ஒன்றுக்கு அவரை ஆளுநராக அனுப்பினார்கள். வங்காளம் அவரை விரும்பவில்லை. 1939 திரிபுரி காங்கிரஸின்போது நர்மதையில் மிதக்கும் இரண்டு படகுகளைச் சொல்லி, காந்தி செலுத்தும் பழைய படகை விட்டு ஓட்டைப் படகில் ஏறாதீர்கள் என்று சுபாஷ் போஸை மனத்தில் வைத்து அவர் பேசியதைக் கல்கத்தா மறந்திருக்கவில்லை. சுபாஷின் அண்ணன் சரத் போஸ் இந்த நியமனத்தை வெளிப்படையாகவே எதிர்த்தார். அதற்கு மேல் ராஜாஜி பிரிவினைக்கு வழி சொன்னவர் வேறு. 68 வயதில், மொழி தெரியாத ஊரில், இத்தனை கோபத்துக்கு நடுவே போய் உட்கார்ந்தார்.

1947 ஆகஸ்ட் 15ஆம் தேதி ஜனவெள்ளம் கல்கத்தா அரசு மாளிகைக்குள் புகுந்தது. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் வெளியே நின்று பார்த்த கட்டடத்தின் ஒவ்வோர் அறைக்குள்ளும் போய்ப் பார்த்தார்கள். கலவரம் ஓய்ந்ததாகத் தோன்றி, ஆகஸ்ட் கடைசியில் மறுபடி வெடித்தது. பெலியகட்டாவில் தங்கியிருந்த காந்தி செப்டம்பர் 1ஆம் தேதி உண்ணாவிரதம் தொடங்கினார். அன்றிரவு ராஜாஜி போய் வாதாடினார். ரவுடிகளை எதிர்த்து யாராவது பட்டினி கிடப்பார்களா என்பது அவர் கேள்வி. காந்தி கேட்கவில்லை. மூன்றே நாளில் ஆயுதங்கள் அவர் காலடியில் வந்து விழுந்தன. நான்காம் தேதி விரதம் முடிந்தது. சுதந்திரம் கிடைத்ததைவிடவும் கல்கத்தாவில் காந்தி தீமையை வென்றதே பெரிய அதிசயம் என்று ராஜாஜி பிறகு மனம் திறந்து சொன்னார். தான் தடுக்கப் பார்த்த காரியத்தைப் பற்றி ஓர் ஆளுநர் அப்படிச் சொன்னது பெரிய குணம்.

அந்தப் பத்து மாதங்களில் ராஜாஜி கையில் எந்த அதிகாரமும் கிடையாது. பழைய கவர்னர்களின் தன்விருப்ப அதிகாரங்களைச் சுதந்திரத்தோடு நீக்கிவிட்டார்கள். ஆட்சி முதலில் பிரபுல்ல சந்திர கோஷ் கையில், 1948 ஜனவரியிலிருந்து டாக்டர் பி. சி. ராய் கையில். ஆளுநர் செய்ய முடிந்தது ஊர்களுக்குப் போவது, அகதிகளைப் பார்ப்பது, இரு மதத்தாரோடும் பேசுவது. அதை அவர் நன்றாகச் செய்தார். எதிர்த்த வங்காளத்தில் பலர் மனம் மாறும் அளவுக்குச் செய்தார். 1948 ஜூன் 21ஆம் தேதி மவுண்ட்பேட்டனுக்குப் பின் கவர்னர் ஜெனரலாக டெல்லிக்குப் போனார். அந்தப் பதவியில் இருந்த ஒரே இந்தியர். வைஸ்ராய்களின் பெரிய அறைகளை விட்டுச் சிறிய பகுதிக்குக் குடிபோனார். பஞ்ச காலம் என்பதால் மாளிகை நிலத்தில் தானியம் விளைந்தது.

பிறகு அதிகாரம் திரும்பி வந்தது. படேல் மறைந்தபின் உள்துறை மந்திரியாகத் தடுப்புக்காவல் சட்டத்தை நீட்டித்தார். பத்திரிகைகளுக்குக் கடிவாளம் போடும் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தார். விசாரணை இல்லாமல் அடைத்துவைப்பதை நியாயப்படுத்தி அவர் வாதாடியபோது, அகஸ்தியம்பள்ளியில் குறைந்தபட்சம் ஒரு விசாரணையாவது நடந்தது என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

1952 சென்னைச் சட்டசபையில் 375 இடங்களில் காங்கிரஸுக்கு 152தான். எதிர்க்கட்சிகள் டி. பிரகாசத்தைத் தலைவராக்கி, தங்களுக்கு அதைவிட ஆள் இருக்கிறது என்று ஆளுநர் ஸ்ரீபிரகாசாவிடம் போனார்கள். ஸ்ரீபிரகாசா தேர்தலில் நிற்காத, ஓய்வில் இருந்த ராஜாஜியை மேல்சபைக்கு நியமித்து, ஆட்சி அமைக்கவும் அழைத்தார். கலை, இலக்கியம், சமூக சேவை என்று தகுதி பார்த்து நியமிக்க வேண்டிய இடம் அது. ராஜாஜிக்கு அந்தத் தகுதி நிறையவே இருந்தது. ஆனாலும் நியமனத்தின் நோக்கம் இலக்கியம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். கொல்லைப்புற வழி என்றார்கள் எதிர்க்கட்சிக்காரர்கள். கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி நீதிமன்றம் போனார், பலிக்கவில்லை. பதவியை விடாமல் பிடித்துக்கொள்கிறோம் என்ற தோற்றம் வரக் கூடாதே என்று நேருவுக்கும் உள்ளூர வருத்தம். பெரும்பான்மை யாருக்கு என்று தீர்மானிக்கும் இடம் சட்டசபையா, ஆளுநர் மாளிகையா என்று நம் மாநிலத்தில் இன்றுவரை நடக்கும் சண்டைக்கு அன்றே வாசல் திறந்தது. 1937இல் கவர்னர் கையைக் கட்டச் சொன்னவர், 1952இல் ஓர் ஆளுநர் கையால் முதல்வரானார். அவர் மறுத்திருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

அதே 1952 ஆகஸ்டில் தஞ்சாவூர் மாவட்டத்துக்கென்று ஓர் அவசரச் சட்டம் வந்தது, குத்தகைதாரர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். பண்ணையாட்கள் வாங்கிய சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராகக் கம்யூனிஸ்டுகளான சீனிவாச ராவும் மணலி கந்தசாமியும் பத்தாண்டுக் காலம் சேரி சேரியாகச் சங்கம் கட்டியதன் பின்விளைவு அது. கம்யூனிஸ்டுகளே தன் முதல் எதிரிகள் என்று சட்டசபையில் அறிவித்த ராஜாஜி, அவர்கள் கேட்டதில் ஒரு பகுதியைத் தானே கொடுத்தார். வாரக் குத்தகைக்காரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு, வெளியேற்றத்துக்குத் தடை, பண்ணையாளுக்குக் கூலி உயர்வு. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல், அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைய, நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தும். காங்கிரஸின் தூண்களாக இருந்த மிராசுதார்கள் கொதித்தார்கள். அவர் அசைந்து கொடுக்கவில்லை. இங்கே அந்தப் பிடிவாதம் ஏழைக்கு உதவியது, அதை மனமாரச் சொல்ல வேண்டும். ஆனால் மிராசுதார்கள் வேறு வழி கண்டார்கள். பரம்பரைப் பண்ணையாட்களை நிறுத்திவிட்டுத் தினக்கூலிக்கு ஆள் வைத்தார்கள். சட்டம் பண்ணையாளைக் காத்தது, பண்ணையாள் என்ற நிலையே மெல்ல இல்லாமல் போனது. கூலிச் சண்டை களத்துமேட்டில் தொடர்ந்தது. அந்தச் சண்டையில்தான் 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்தார்கள்.

1953இல் அரைநாள் பள்ளித் திட்டம். பாதி நாள் படிப்பு, மீதி நாள் அப்பன் தொழில். யாரிடமும், தன் கட்சியிடம்கூட, கலந்து பேசாமல் அறிவித்தார். குலக்கல்வி என்று மாநிலமே எழுந்து நின்றது. மறு ஆலோசனை செய்யச் சொன்னவர்களுக்கு அவர் இறங்கவில்லை, 1954இல் பதவியைத்தான் விட்டார். அந்த இடத்துக்கு வந்தவர் அவருடைய வேதாரண்யப் படையில் சிறை சென்ற காமராஜ். வந்ததும் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்.

பதவி போனபின் பழைய ராஜாஜி திரும்பி வந்தார். 83 வயதில் வாஷிங்டன் போய்க் கென்னடியிடம் அணு ஆயுதச் சோதனையை நிறுத்தச் சொன்னார். லைசென்ஸ் ராஜ்யத்தை எதிர்த்து, 80 வயதில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியிருந்தார். இந்தித் திணிப்பை எதிர்த்து, 1938இல் தன் போலீஸ் பிடித்துக்கொண்டு போனவர்கள் சொன்னதையே சொன்னார். 1967இல் அண்ணாவோடு கூட்டணி சேர்ந்து காங்கிரஸைத் தோற்கடித்தார். 1972 டிசம்பரில் அவர் இறந்தபோது, வாழ்நாள் முழுக்க எதிர்த்த பெரியார் சக்கர நாற்காலியில் வந்து கண்ணீர் விட்டார்.

ஆண்டுதோறும் ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நினைவு நடைப்பயணம் வருகிறது. 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளி நினைவுத் தூண் பக்கம் உப்பு அள்ளுகிறார்கள். ராஜாஜி பெயரையும் வேதரத்தினம் பிள்ளை பெயரையும் வைரப்பன் பெயரையும் சொல்கிறார்கள், சொல்லத்தான் வேண்டும். அங்கே தாளமுத்துவின் பெயரும் மூவலூர் அம்மையாரின் பெயரும் சொல்லப்பட வேண்டும் என்று கேட்கிறேன். உப்புப் படை கும்பகோணம் வழியாகத்தான் நடந்தது. தாளமுத்து அந்த ஊர்க்காரர். அவரைச் சிறையில் வைத்தது அந்தப் படையின் தலைவர் நடத்திய அரசு.